பௌர்ணமிக்கு மறுநாள்

திருவண்ணாமலையில் உபாத்தியாயர் வேலை பார்ப்பவருக்குப் பஞ்சாங்கம் அவசியமில்லை. வகுப்பில் நுழைந்ததும் முன் பெஞ்சில் நாலு பையன்கள் புஸ்தகத்தின்மேல் தலையைச் சாய்த்திருந்தால், நேற்றுப் பௌர்ணமி என்று தெரிந்துகொள்ளலாம். பின் பெஞ்சில் ஐந்தாறு இடங்கள் காலியாகவும் இருந்தால், அந்தப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையோடு கூடி வந்தது என்று அர்த்தம். நம்முடைய வருகைப் பதிவேட்டில் மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் விழும் சிவப்பு மைப் புள்ளிகளைப் பார்த்து, புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒருவர், "இந்த ஊரில் முறைக் காய்ச்சல் உண்டோ?" என்று விசாரித்தார். காய்ச்சல்தான், ஆனால் அது கொசுவினால் வருவதன்று என்று பதில் சொன்னோம்.

சென்ற பௌர்ணமிக்கு மறுநாள் ஏழாம் வகுப்பில் சந்திரனுடைய வளர்பிறை தேய்பிறைகளைப் பற்றிப் பாடம். ஊரை அனுசரித்துப் பாடத்தை அமைத்தோம் என்று நமக்குள் ஒரு பெருமை. பெருமையில் பாதி வழி போவதற்குள் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் குறட்டை விட்டான். எழுப்பினோம்.

"ஏண்டா, இராத்திரி தூங்கவில்லையா?"

"இல்லை சார். ஆயாவோட மலை சுத்தப் போனேன்."

"சுற்றவா, விற்கவா?"

"விக்கத்தான் சார். சுத்தினாத்தானே விக்க முடியும்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு, உபாத்தியாயருக்கே உரிய சிறுமைப் புத்தியோடு, தூங்கினவனை மடக்க எண்ணி, "ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் எத்தனை நாள்?" என்று கேட்டோம். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இருபத்தொன்பதரை நாள் சார்" என்றான். விழித்திருந்த முப்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாத அந்த அரை நாள் அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருமானம் என்றைக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வான சாஸ்திரம் தானே வந்துவிடுகிறது.

அந்தப் பையனையும் அவனுடைய ஆயாவையும் முன்னிட்டே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

* * *

வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணாமலையைச் சுற்றிவரும் வழி சுமார் 14 கிலோமீட்டர். இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கங்கள் அவ்வழியில் இருக்கின்றன. மெல்ல நடப்பவர் நாலைந்து மணி நேரத்தில் சுற்றி முடிப்பர். மலையைச் சுற்றும் வழக்கம் மிகப் பழையது. ஆனால் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானவர் திரளும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. நாம் சிறுவராயிருந்த காலத்தில் பௌர்ணமியன்றும் தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடக்க முடிந்தது. கடந்த முப்பது முப்பத்தைந்து வருஷங்களில்தான் மாதாந்தரத் திருவிழாவாக இது வளர்ந்தது. விசேஷ பஸ்கள், ரயில்கள், விடுதிகள், வாகன நிறுத்தங்கள் எல்லாம் அதன் பின்னே வந்தன. ஊரின் வயிறு சந்திரனோடு சேர்ந்து வளரவும் தேயவும் தொடங்கியது.

இப்படியிருக்கையில், 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்தது. தேசமெங்கும் ஊரடங்கு. கோவில் கதவு சாத்தப்பட்டது. கிரிவலத்துக்குத் தடை. சந்திரன் மாத்திரம் உத்தரவை மீறி, மாதந்தோறும் வந்து மலையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவ்வருஷம் நவம்பர் 29-ஆந் தேதி மலைமேல் தீபம் ஏறிற்று. அண்ணாந்து பார்க்க வெளியூர் ஜனம் இல்லை. 2021-ஆம் வருஷத்துத் தீபத்துக்கு, உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போய், நாளொன்றுக்கு 20,000 பேர் சுற்றலாம் என்று உத்தரவாயிற்று. தங்குதடையின்றி ஜனங்கள் நடந்தது 2022-ஆம் வருஷம் பங்குனிப் பௌர்ணமியில்தான். இடையில் இரண்டு வருஷங்கள், சுமார் இருபத்தைந்து பௌர்ணமிகள், ஊருக்கு இல்லாமல் போயின.

உலகமெங்கும் இதே கதைதான். 2019-இல் தேசம் விட்டுத் தேசம் சென்ற யாத்திரிகர்கள் சுமார் 146 கோடி. அடுத்த வருஷமே அத்தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்கு மறைந்துவிட்டது. நம் தேசத்திலிருந்து அயல்நாட்டுக்கு வழக்கமாகச் செல்லும் விமானங்கள் 2020 மார்ச்சில் நின்று, 2022 மார்ச்சு 27-ஆந் தேதிதான் மீண்டும் கிளம்பின. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கார்த்திகை முதல் மாசி வரை வெள்ளைக்காரச் சாதகர்களுக்கு அறை வாடகைக்கு விட்டும், சமைத்துப் போட்டும், சைக்கிள் கொடுத்தும் பிழைத்தவர்கள் முழுசாக இரண்டு பருவங்களை இழந்தார்கள்.

அந்த நாட்களில், மனிதர் அடங்கினார்கள், இயற்கை மூச்சு விட்டது என்று கொண்டாடிப் பேசியவர்கள் உண்டு. மலையடிக் காட்டிலிருந்து புள்ளிமான்கள் பாதையோரம் வந்து நின்றதை நாமும் கண்டோம். மறுக்கவில்லை. ஆனால் மானைக் கண்டு மகிழ்ந்தவர்கள், ஆயாவின் அடுப்பில் பூனை தூங்கியதைக் காணவில்லை. பூக்கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், செருப்புக் காக்கிறவர், விடுதியில் பாய் தட்டிப்போடும் பையன், பிச்சைப் பாத்திரத்தையே நம்பியிருந்த சாதுக்கள் ஆகிய எல்லோருக்கும் ஒரே நாளில் உலை அணைந்தது. ரேஷன் அரிசியும், தெருவில் சோறு பொங்கிக் கொடுத்த நல்லவர்களும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. யாத்திரிகர் திரண்டால் ஊருக்குச் சிரமம் என்று எழுதப் புகும் நாம், யாத்திரிகர் வராவிட்டால் ஊருக்கு என்ன ஆகும் என்பதை மறந்துவிட்டு எழுதலாகாது. வரவேண்டும், எப்படி வரவேண்டும், வந்தால் யாருக்கு என்ன சேரவேண்டும் என்பதே கேள்வி.

* * *

ஆயாவின் கதையைச் சொல்கிறோம். நிருதிலிங்கத்தைத் தாண்டி ஒரு புளியமரம். அதனடியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பௌர்ணமிதோறும் சாக்கு விரித்து, அடுப்பு மூட்டி, சுக்குக் காப்பி விற்றவர் அவர். பாதி வழி நடந்து கால் ஓய்ந்தவர்கள் அங்கே உட்கார்ந்து ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நாமும் குடித்திருக்கிறோம். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தக் காப்பியில் காரம் சற்று அதிகம். கேட்டால், "காரம் இருந்தாத்தான் சாமி மீதி மலையை நடப்பீங்க" என்பார்.

இரண்டு வருஷம் கழித்துப் பங்குனிப் பௌர்ணமியன்று சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஆயா மரத்தடிக்குப் போனபோது, அங்கே மின்சார விளக்குப் போட்டு, இரும்புக் குழாய் நட்டு, தகரக் கொட்டகை இறக்கி, எங்கிருந்தோ வந்த ஒருவர் கடை வைத்திருந்தார். இடம் ஏது என்று கேட்டதற்கு, "வாடகை கொடுத்திருக்கிறேன்" என்றாராம். யாருக்கு வாடகை, எந்தக் கணக்கில் வாடகை என்று கேட்கும் சாமர்த்தியம் ஆயாவுக்கு இல்லை. அன்றுமுதல் அவர் ஒரு எவர்சில்வர்ப் பாத்திரத்தில் காப்பியைச் சுமந்துகொண்டு நடக்கிறார். அறுபத்தைந்து வயதில் உட்கார்ந்து விற்றவர் எழுபதில் நடந்து விற்கிறார். பாத்திரத்தை அவராலே தூக்க முடியாததனால் பேரன் கூடப் போகிறான். பேரன் கூடப் போவதனால் மறுநாள் நம் வகுப்பில் குறட்டை கேட்கிறது. நமது வருகைப் பதிவேட்டின் சிவப்புப் புள்ளி எந்த மரத்தடியிலிருந்து புறப்பட்டது என்பது இப்பொழுது விளங்கியிருக்கும்.

தேசத்தில் சட்டம் இல்லாமலில்லை. தெருவோர வியாபாரிகளின் ஜீவனோபாயத்தைக் காப்பதற்கென்றே 2014-ஆம் வருஷம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி, வியாபாரிகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுக்கவேண்டும். கணக்கெடுத்து முடிக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இதைக் கவனிக்க நகர விற்பனைக் குழு ஒன்று வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். நோய்க்காலத்தில், 2020 ஜூன் மாதத்தில், மத்திய சர்க்கார் இவர்களுக்கென்றே முதல் தவணையாகப் பதினாயிரம் ரூபாய் வரை கடன் கொடுக்கும் திட்டமும் தொடங்கிற்று.

நல்ல சட்டம், நல்ல திட்டம். ஆனால் சான்றிதழாவது சீட்டாவது கையில் இருந்தால்தான் கடன். கணக்கில் பெயர் இருந்தால்தான் சான்றிதழ். கணக்கெடுக்க வருகிறவர் கண்ணில் பட்டால்தான் பெயர். மாதத்தில் ஒருநாள், அதுவும் இராத்திரியில், கடை விரிக்கும் கிழவியை, பகல் பதினொரு மணிக்குக் காகிதத்தோடு வருகிறவர் எப்படிக் காண்பார்? புளியமரத்தைத்தான் காண்பார். ஆயா கணக்கில் இல்லை. அவரைப் போல் எத்தனையோ பேர் இல்லை. இதில் ஒருவரையும் குறை சொல்ல நாம் விரும்பவில்லை. நம் ஊரின் வியாபாரம் நிலவில் நடக்கிறது, கணக்கு வெயிலில் நடக்கிறது என்பதை மாத்திரம் எடுத்துக்காட்டுகிறோம்.

* * *

மறுநாட் காலை பாதையைப் பார்த்தவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. தட்டுகள், குவளைகள், பாதி தின்ற பொங்கல், காலிப் புட்டிகள், அறுந்த செருப்புகள். 2019-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் சாமான்களை நம் மாகாண சர்க்கார் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தையும் தொடங்கியது. இருந்தும் குப்பை வருகிறது. அதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், கணிசமான பகுதி புண்ணியத்தினால் வருகிறது. அன்னதானம் செய்கிறவர் வண்டியை நிறுத்திப் பொட்டலங்களை வழங்கிவிட்டு, காலியான வண்டியோடும் நிறைந்த மனத்தோடும் ஊருக்குத் திரும்புகிறார். நூறடிக்கு ஒரு பந்தல் இருந்தால், நடப்பவர் ஒவ்வொரு பந்தலிலும் மரியாதைக்கு ஒரு பிடி வாங்கி, இரண்டு வாய் தின்று, மீதியை ஓரத்தில் வைக்கிறார். அதைத் தின்ன நாயும் குரங்கும் மானும் வருகின்றன. இலையை மட்டும் தின்றிருந்த மான் இப்பொழுது தாளையும் தின்கிறது.

பொழுது விடியுமுன் அதையெல்லாம் கூட்டி எடுக்கிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். இலட்சம் பேர் நடந்து சம்பாதித்த புண்ணியத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு சேரும் என்று நம்புகிறோம். ஆனால் புண்ணியத்தை அரிசிக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பௌர்ணமி வேலைக்குத் தனிக் கூலியும், கையுறையும், மறுநாள் ஓய்வும் அவர்களுக்கு உரிமையாகச் சேரவேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. யாத்திரிகர் பெருகப் பெருக, ஊரில் நிலத்தின் விலை ஏறுகிறது. காலி மனையெல்லாம் விடுதியாகிறது. குடியிருந்த வீடுகள் அறைகளாகப் பிரிகின்றன. கூலிக்காரன் ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாமல் நகர்கிறான். நகர்ந்து எங்கே போவான்? மலைச் சரிவு ஒன்றுதான் விலை கேட்காமல் இடம் கொடுக்கிறது. சரிவில் குடியேறியதற்கு இது ஒன்றே காரணமென்று சொல்லமாட்டோம். பல தலைமுறையாக அங்கிருப்பவர்களும் உண்டு. ஆனால் 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியை இவ்வூரில் யாரும் மறக்கமுடியாது. பெஞ்சல் புயல் கரையேறி, ஓயாமல் மழை கொட்டிய அன்று, வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு வந்த தீபத்தன்று, பூகர்ப்ப நிபுணர்கள் பார்த்துச் சொன்னதன்பேரில், தீபம் ஏற்றும் திருப்பணியாளர்களைத் தவிர வேறு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஜோதி தெரிந்தபோது ஊரெல்லாம் 'அரோகரா' என்று முழங்கிற்று. பள்ளிக்கூடத்து மாடியில் நின்றிருந்த நமக்குத் தொண்டையிலிருந்து சத்தம் எழவில்லை. காலி பெஞ்சு எப்படியிருக்கும் என்று உபாத்தியாயருக்குத் தெரியும்.

மலை தெய்வமே என்பது இவ்வூரின் நம்பிக்கை. அதைச் சுற்றி நடப்பதோடு அந்த நம்பிக்கை முடிந்துவிடலாகாது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து, மொட்டையாய்க் கிடந்த சரிவுகளில் மரம் வைத்து, கோடையில் நெருப்பணைத்து வரும் தொண்டர்கள் இங்கே உண்டு. வேர் மண்ணைப் பிடித்திருக்கும் இடத்தில் மழை மெல்ல இறங்குகிறது. மரம் இல்லாத இடத்தில் மண்ணோடு இறங்குகிறது. இதை ஏழாம் வகுப்புப் புஸ்தகமே சொல்கிறது.

* * *

மற்ற ஊர்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். பூட்டான் தேசம் நோய்க்கு முன்பு யாத்திரிகர் ஒருவரிடம் நாளொன்றுக்கு 65 டாலர் வரி வாங்கிற்று. 2022 செப்டம்பரில் கதவைத் திறந்தபோது அதை 200 ஆக உயர்த்தி, அடுத்த வருஷமே ஆள் வரவில்லையென்று 100 ஆகக் குறைத்தது. இத்தாலியில் வெனிஸ் நகரம், 2024 ஏப்ரல் 25-ஆந் தேதி முதல், கூட்டம் மிகும் நாட்களில் பகலில் வந்து போகிறவரிடம் ஐந்து யூரோ கேட்கத் தொடங்கிற்று. நம் தேசத்தில் வைஷ்ணோதேவி மலைக்கு நாளொன்றுக்கு 50,000 பேருக்கு மேல் கூடாதென்று 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகள் 2024 மே 7-ஆந் தேதி முதல் இ-பாஸ் வாங்கவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் விதித்தது. பிறகு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பும் கட்டிற்று.

இவற்றில் நமக்கு ஏற்றது எது? கட்டணம் நமக்கு ஆகாது. உல்லாசத்துக்குப் போகிற இடத்தில் காசு கேட்பது ஒரு விஷயம். கடலூரிலிருந்து கட்டுச்சோற்றோடு வரும் விவசாயக் கூலியை அண்ணாமலையாரின் எல்லையில் நிறுத்திக் காசு கேட்பது வேறு விஷயம். காசு உள்ளவன் சுற்றலாம், இல்லாதவன் திரும்பலாம் என்றால், அது கூட்டத்தைக் குறைக்குமேயொழிய நியாயத்தைக் கூட்டாது. இணையத்தில் சீட்டுப் பதிவு செய்யவேண்டும் என்றாலும் கைபேசி தெரிந்தவனே முந்துவான். ஆனால் நீலகிரி உத்தரவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது மனிதரை எண்ணவில்லை, வண்டியை எண்ணுகிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிற ஏழையைத் தொடாமல், வண்டிக்கு ஒருவராக வருகிறவரைத் தொடுகிறது. திருவண்ணாமலைக்கும் அதுவே பொருத்தமென்று நமக்குத் தோன்றுகிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து இங்கே நேராக ரயில் வருகிறது. தொடங்கியபோது அதற்குக் கட்டணம் ஐம்பது ரூபாய். பௌர்ணமிக்கு அப்படிப்பட்ட ரயில்கள் இன்னும் நாலு விட்டால், நகரத்துக்கு வெளியே நிற்கும் கார்களின் வரிசை பாதியாகும்.

இரண்டாவது யோசனைக்குச் செலவே இல்லை. மலையைச் சுற்றுவது பௌர்ணமிக்கு மாத்திரம் உரியதன்று. வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பலன் சொல்லும் வழக்கம் இவ்வூரில் இருக்கிறது. 1896-இல் இங்கு வந்து 1950-இல் சமாதியடையும் வரை இம்மலையை விட்டு அகலாத ரமணர், தம் இளமையில் பலமுறை மலையைச் சுற்றியவர். அவர் நிலவுக்காகக் காத்திருந்ததாக நாம் கேட்டதில்லை. மாதத்தில் ஒருநாள் ஐந்து லட்சம் பேர் என்பதற்குப் பதில், நாள்தோறும் சில ஆயிரம் பேர் நடந்தால், பாதையும் தாங்கும், குழாயில் தண்ணீரும் வரும், கழிப்பிடமும் போதும். சுக்குக் காப்பியும் மாதத்தில் ஒருநாளன்றி முப்பது நாளும் விலைபோகும். ஆயாவுக்கு இருபத்தொன்பதரை நாள் காத்திருக்கும் சிரமமும், பேரனுக்கு ஒரே இராத்திரியில் மாதச் சம்பளத்தைச் சம்பாதிக்கும் சிரமமும் தீரும்.

* * *

இவ்வளவும் எழுதி, விடுதிக்காரர்கள் தீபத்தன்று வாங்கும் வாடகையைப் பற்றி ஒரு கடுமையான பத்தி எழுதத் தொடங்கினோம். காப்பி கொண்டுவந்த நம் வீட்டம்மாள் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு, "நம் வீட்டுத் திண்ணையறையையும் எழுதுவீர்கள், இல்லையா?" என்று கேட்டார்.

எழுதத்தான் வேண்டும். சென்ற தீபத்தன்று, இடம் கிடைக்காமல் கைக்குழந்தையோடு தெருவில் நின்ற ஆறு பேருக்கு நம் திண்ணையறையைக் கொடுத்தோம். கொடுத்தோம் என்றா சொன்னோம்? நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தோம். மற்ற நாட்களில் அந்த அறைக்கு எண்ணூறு ரூபாய் கேட்கவும் நமக்கு வாய் கூசும். "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பது அன்றைக்கு நமக்குப் போதுமான நியாயமாயிருந்தது. அதே நியாயத்தைப் பரீட்சையில் பார்த்தெழுதிய பையன் சொன்னபோது நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தின் பெரியவர் புறப்படும்போது நம்மைக் கும்பிட்டு, "நல்ல இடத்தில் தங்கினோம், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் நம் மேஜைமேல் கிடக்கிறது. எந்தக் கணக்கில் வரவு வைப்பதென்று தெரியவில்லை.

ஆகவே, விடுதிக்காரர்களைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டு, நம்மையும் சேர்த்தே எழுதுகிறோம். அறை விடுகிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு விடுதி வாசலிலும் வருஷம் முழுவதற்கும் ஒரே விலைப்பலகை தொங்கவேண்டும். ஆட்டோவுக்கும் அப்படியே. தீபத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்றால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதும் பலகையிலேயே இருக்கட்டும். நம் வீட்டுப் பலகை எழுதியாயிற்று. வீட்டம்மாளே எழுதினார், நம் கையெழுத்தை நம்பவில்லை போலும்.

யாத்திரிக அன்பர்களுக்கும் மூன்று விண்ணப்பம். வீட்டிலிருந்து ஒரு குவளையும் ஒரு செம்பும் கொண்டு வாருங்கள். புட்டி வாங்கவேண்டிய தேவை பாதி குறையும். அன்னதானம் செய்ய விரும்பினால், மற்றவர்களோடு கலந்து, கூட்டம் இல்லாத நாளில், இலையில் போடுங்கள். பசி பௌர்ணமிக்கு மட்டும் வருவதில்லை. காப்பியோ, கடலையோ, பூவோ, வாங்கும்போது விளக்கு வெளிச்சம் பெரிதாயுள்ள கடையைத் தாண்டி, இருட்டில் உட்கார்ந்திருக்கும் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரே விண்ணப்பம். 2024-ஆம் வருஷம் நமது ஊர் மாநகராட்சி என்ற பெரிய பெயரை அடைந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு அழகாக, அடுத்த கணக்கெடுப்பைப் பௌர்ணமி இராத்திரியில் எடுங்கள். கையில் ஒரு விளக்கும் காகிதமும் கொண்டு, ஒருமுறை மலையைச் சுற்றிவந்தால் போதும். கணக்கும் சேரும், கிரிவலமும் ஆகும்.

* * *

சென்ற வாரம் ஆயா நம் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, விற்பனைச் சான்றிதழுக்கான மனுவை நம் கையால் எழுதினோம். பெயர், வயது, என்ன வியாபாரம், எத்தனை வருஷம் என்ற கேள்விகளுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னார். 'வியாபாரம் செய்யும் இடம்' என்ற கேள்வி வந்ததும் பேசாமல் இருந்தார்.

"என்ன எழுதட்டும், ஆயா?"

"புளியமரத்தடின்னு எழுது சாமி" என்றார். பிறகு, "அங்கே வேற ஆளு இருக்கறாங்களே, எழுதலாமா?" என்று கேட்டார்.

எழுதலாமென்று சொல்லி, எழுதினோம். மனு போயிருக்கிறது. பதில் வரவில்லை. அடுத்த பௌர்ணமி ஒரு வார நாளில் வருகிறது. மறுநாள் முதல் பாடவேளையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, பையன் விழித்திருக்கிறானா என்பதை நாம் பார்த்துக்கொள்வோம். பாதையில் நடக்கப்போகும் நேயர்கள் நிருதிலிங்கத்தைத் தாண்டியதும் அந்தப் புளியமரத்தடியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆயா அங்கே உட்கார்ந்திருந்தால் ஒரு குவளை வாங்கிக் குடியுங்கள். காரம் சற்று அதிகமாக இருக்கும்.